தபால்காரருக்கு ஒரு நினைவு மலர்: மட்டக்களப்பு அச்சகம் ஒன்றின் சேவை எப்படி?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சு சுத்தம், தாள் நல்லது, சொன்ன தேதிக்குத் தருகிறார்கள். ஆனால் இறந்தவரைப் பற்றி எழுதும் வேலையை மட்டும் அவர்கள் கையில் விட்டுவிடாதீர்கள்.

கடை காந்தி பூங்காவில் இருந்து நடந்து போகிற தூரம். கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், மரண அறிவித்தல், நினைவு மலர் எல்லாம் அடிப்பார்கள். கடையின் பெயரை நான் இங்கே போடவில்லை. கீழே குறைகளும் வருகின்றன. சின்னக் கடை, முதலாளி முகம் சுளிக்காத மனிதர், என்னால் அவருக்கு நட்டம் வரவேண்டாம். அதோடு, இந்தக் குறைகளில் பாதி கல்முனை வரைக்கும் உள்ள எந்த அச்சகத்துக்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

நாங்கள் போனது என் மாமாவின் 31ஆம் நாள் மலருக்காக. மாமா என்றால் மனைவியின் அப்பா. 1974இல் தபால் திணைக்களத்தில் சேர்ந்து, 2010இல் பென்சனில் போகும்வரை தபால்காரராகவே இருந்தவர். 2024 புரட்டாதியில், 74 வயதில் காலமானார்.

நேரக் கணக்கை விளங்கிக்கொள்ளுங்கள். செத்த வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்து, யாராவது ஒரு பேனையைக் கையில் எடுக்கவே ஒரு கிழமை போய்விடும். அச்சகம், 31ஆம் நாளுக்குப் பத்து நாள் முன்னர் எல்லாம் கைக்கு வரவேண்டும் என்கிறது. ஆக உங்களுக்குக் கிடைப்பது இரண்டு கிழமைக்கும் குறைவு. அதற்குள் படம் தேடி, ஆட்களிடம் நினைவுரை வாங்கி, வம்சாவளி போட்டு, பெயர் விடுபட்ட உறவுக்காரரைச் சமாதானம் செய்து முடிக்கவேண்டும். இதனால்தான் எல்லாரும் ‘நீங்களே எழுதிப் போடுங்கோ’ என்று அச்சகத்திடம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அங்கேதான் பிழைக்கிறது.

அவர்களுடைய கொம்பியூட்டரில் ஐந்து வாழ்க்கை வரலாறுகள் தயாராக இருக்கின்றன. ஆசிரியர், அரச ஊழியர், விவசாயி, வர்த்தகர், குடும்பத் தலைவி. மாமா அரச ஊழியர் என்ற பெட்டிக்குள் விழுந்தார். முதல் புரூப்பில், அதாவது பிழை பார்க்கத் தரும் பிரதியில், அன்னார் இன்முகமும் இனிய சொல்லும் உடையவராய், கடமையே கண்ணாய், அஞ்சல் திணைக்களத்தில் அரும்பணி ஆற்றி, உற்றார் உறவினர் போற்ற வாழ்ந்து, இறைவனடி எய்தினார் என்று இருந்தது. ஒரு சொல்லும் பொய் இல்லை. ‘அஞ்சல்’ என்பதை எடுத்துவிட்டு ‘நீர்ப்பாசன’ என்று போட்டால் அது நாளைக்கு எனக்கும் பொருந்தும். நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞர்.

அட்டைப்படம் அதைவிட மோசம். நாங்கள் கொடுத்தது, வெள்ளைச் சேட்டும் பொக்கற்றில் பேனையுமாக மாமா வேலியோரம் நிற்கிற படம். வந்தது, கறுப்புக் கோட்டும் சிவப்பு ரையும் கட்டி, பின்னால் முகில் பிளந்து ஒளி வீச, காலடியில் தாமரை பூக்க நிற்கிற ஒரு பெரிய மனிதர். கழுத்துக்கு மேலே மட்டும் மாமா. மாமி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இது ஆருகா புள்ள, பாங்க் மனேச்சரா?” என்று அந்த டிசைனர் பிள்ளையிடமே கேட்டார். பிள்ளைக்கு வெட்கமாகப் போய்விட்டது. எல்லாரும் கோட் போட்டுத்தான் கேட்பார்களாம், கேட்காவிட்டாலும் போட்டு வைப்பது வழக்கமாம். மாமா தன் கல்யாணத்துக்கே கோட் போடவில்லை. கோட்டையும் முகிலையும் கழற்றினார்கள். அதற்குக் காசு கேட்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவும் அப்படித்தான். ஒரு வெண்பாவை வைத்துக்கொண்டு ஆண்டு, மாதம், பக்கம், திதி நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டுத் தருகிறார்கள். எங்களுக்குக் குரோதி வருடம், புரட்டாதி, அபரபக்கத் தசமி. அவர்களுடைய அச்சில் முன்பு சுபகிருது இருந்திருக்கிறது. காய்ச்சீர் நின்ற இடத்தில் குரோதி என்ற மாச்சீரைக் கொண்டுபோய் வைத்தால் அடுத்த சீரோடு தளை தட்டாமல் என்ன செய்யும்? தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அரை மணித்தியாலத்தில் புதிதாக எழுதித் தந்தார். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். பால் தேத்தண்ணி ஒன்றோடு அவரைப் போய்ப் பாருங்கள்.

வம்சாவளிப் பக்கம் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. அந்த வரைபடம் தகப்பன் வழியில் இருந்து தொடங்கி ஆண்பிள்ளைகளின் வரிசையில் இறங்குகிறது. எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சப் பிரிவு தாய்வழியாக வருவது. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். மாமா குருக்கள்மடத்தில் பிறந்து, கல்லடியில் மாமி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். நான் செட்டிபாளையத்தில் பிறந்து அதே வளவுக்கு வந்து சேர்ந்தவன். மூன்று பெண்பிள்ளைகள் உள்ள மனிதருக்கு அந்த வரைபடம் மூன்று கோட்டோடு நின்றுவிடுகிறது, பேரப்பிள்ளைகள் ஓரத்தில் தொங்குகிறார்கள். மட்டக்களப்பில் கடை வைத்திருப்பவர்கள் மட்டக்களப்புக்கு ஒரு வம்சாவளி அச்சு வைத்திருக்கக்கூடாதா? கடைசியில் நானே அளவுகோல் வைத்துக் கீறி, ஸ்கான் செய்து கொடுத்தேன். அதை அப்படியே போட்டார்கள், நன்றாக வந்தது. முதலாளி அதன் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டதாகத் தெரிகிறது. எடுக்கட்டும்.

சரி, அவர்கள் எழுதியதை எடுத்துவிட்டு நாங்கள் எதைப் போட்டோம் என்பதைச் சொல்கிறேன். மலர் அடிக்க நினைப்பவர்களுக்கு அதுதான் பிரயோசனம்.

மாமா விட்டுப் போனவற்றில் சீ.ஆர். கொப்பிகள், அதாவது தடித்த அட்டை போட்ட நோட்டுப் புத்தகங்கள், ஒரு கட்டு இருந்தது. அவருடைய தபால் சுற்றின் கணக்கு. விலாசம் என்று கடித உறையில் எழுதியிருப்பது ஒன்று, வீடு இருப்பது வேறொன்று. இலக்கம் இல்லாத வளவுகளும், ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் ஒழுங்கைகளும் உள்ள ஊரில், அந்தக் கொப்பிதான் அவருக்குக் கண். ‘இரண்டாம் படலை. நாய் கடிக்கும். மணி அடித்துவிட்டு நிற்க.’ ‘வேம்படி வளவு. கிழவிக்குக் காது கேளாது, பின்பக்கம் போகவும்.’ ‘மகன் சவூதி. கடிதம் வந்தால் தாயிடம் மட்டும். மருமகளிடம் கொடுத்துச் சண்டை.’ இவற்றில் பெயர் இல்லாத இரண்டு பக்கங்களை அப்படியே படம் எடுத்து மலரில் போட்டோம்.

இந்த இடத்தில் அச்சகத்தைப் பாராட்டியே ஆகவேண்டும். பழுப்பேறிய தாள், மங்கிய நீல மை, மழை பட்டுக் கசிந்த எழுத்து. அந்த டிசைனர் பிள்ளை பின்னணியை வெளுக்காமல், எழுத்தை மட்டும் தெளிவாக்கி, தாளின் நிறத்தை அப்படியே வைத்துத் தந்தாள். அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தவர்கள் பலர். 1977இல் எடுத்த கல்யாணப் படத்தின் நடுவில் ஒரு மடிப்புக் கிழிசல் இருந்தது. அதையும் முகம் மாறாமல் ஒட்டிக் கொடுத்தாள். கோட் போட்டவளும் அவள்தான், இதைச் செய்தவளும் அவள்தான். என்ன வேண்டும் என்று சொன்னால் செய்யத் தெரிந்த பிள்ளை.

பக்கங்களைப் பற்றி ஒரு தொழில் விசயம். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கம் நாலின் மடங்காகத்தான் வரும். எங்களுக்கு 38 பக்கம் வந்தது. இரண்டு பக்கத்துக்கு ரோசாப்பூப் படம் போடலாம் என்றார்கள். கொப்பிப் பக்கங்கள் அந்த இடத்தைப் பிடித்ததால் ரோசாப்பூ தப்பியது, அல்லது நாங்கள் தப்பினோம். நடுப்பக்கம் இரண்டும் ஒரே தாளாக விரிவதால் அங்கே மட்டும்தான் ஒரு பெரிய படம் வெட்டுப்படாமல் வரும். அதில் மாமாவின் சுற்றுப் பாதையை வரைபடமாகக் கீறிக் கொடுத்தேன். கல்லடிப் பாலத்தில் தொடங்கி, திருச்செந்தூர் முருகன் கோயிலடி, டச்பார், நாவலடி, முகத்துவாரம் வரை. மூலையில் சின்னதாக மண்முனைத்துறை. முதல் புரூப்பில் வாவி முழுக்க ஊதா நிறத்தில் வந்தது! திரையில் தெரியும் பளிச்சென்ற நீலம் நாலு மையில் அச்சாகும்போது அப்படிக் கறுத்து ஊதாவாகிவிடும். மெஜந்தாவைக் குறைத்தால் சரி. சொன்னதும் குறைத்தார்கள். ஆனால் சொல்லாவிட்டால் மாமா ஊதா வாவிக்கரையில்தான் கடிதம் கொடுத்துக்கொண்டிருப்பார்.

மண்முனைத்துறை ஏன் என்றால், மாமா வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம்தான் போட்டார்கள். அப்போது பாலம் இல்லை. மண்முனைப் பாலம் திறந்தது 2014இல். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் சைக்கிளையும் தபால் பையையும் ஏற்றிக்கொண்டு, மாடு, நெல் மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு அக்கரை போவார். மாரியில் காற்று எழும்பினால் பாதை ஓடாது. அப்படியான நாளில் கொக்கட்டிச்சோலைக்குப் போகவேண்டிய கடிதங்களோடு துறையிலேயே இருந்துவிட்டு, வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பொழுது போக்குவாராம். அந்தக் கடிதங்களை மறுநாள் அவரே சுமப்பார். ஒருமுறை துறையில் எழுதிக் கொடுத்த கடிதம் மறுகரையில் இருந்த ஆளுக்கே போகவேண்டியது. பாதை ஓடத் தொடங்கியதும் எழுதச் சொன்னவரும் கடிதமும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தார்கள். இதை மாமா சொல்லும்போது தானே முதலில் சிரித்து, கதையின் கடைசிப் பகுதி எங்களுக்கு விளங்காமலே போகும்.

1978 நவம்பர் 23 சூறாவளிக்கு அவர் கல்லடியில் இருந்தார். மூத்த மகள் கைக்குழந்தை. கூரை போகும் என்று தெரிந்ததும் பிள்ளையையும் மாமியையும் கல்வீடு ஒன்றுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பிப் போய் வீட்டில் இருந்த தபால் பையை எடுத்து வந்தார். மாமிக்கு இன்னும் அந்தக் கோபம் இருக்கிறது. “பிள்ளையை விட்டுட்டுப் பையை எடுக்கப் போன மனிசன்” என்று மலருக்கு வாக்குமூலம் கொடுத்தார், அதையும் போட்டோம். விடிந்தபோது தென்னைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன. தந்திக் கம்பங்களும் விழுந்துவிட்டன. தந்தி போகாது என்று தெரிந்தும் சனம் தபாற்கந்தோர் வாசலில் நின்றது, உயிரோடு இருக்கிறோம் என்று கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அறிவிக்க. மாமா ஆட்களின் பெயரையும் விலாசத்தையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டாராம். எப்படி அனுப்பினார் என்று கேட்டால், “போயிற்று” என்பார். அவ்வளவுதான்.

எண்பதுகளில் காத்தான்குடிப் பக்கமும் கொஞ்சக்காலம் அவருக்குச் சுற்று இருந்தது. வளைகுடாவுக்கு ஆட்கள் போகத் தொடங்கிய காலம். கடிதத்தோடு கசெற்றும் பதிவுத் தபாலில் வரும், பேசி அனுப்பியது. வீட்டில் ரேப் ரெக்கோடர் இல்லாதவர்களை மாமா தன் வீட்டுக்கு வரச் சொல்லிவிடுவார். பின்னேரத்தில் முன்விறாந்தையில் ஒரு உம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வந்திருந்து, மகனின் குரலைக் கேட்டு அழுதுவிட்டு, மறுபடி சுற்றிப் போட்டுக் கேட்பார்கள். மாமி பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். மற்றவர்கள் வீட்டுக் கதையைக் கேட்கக்கூடாது என்பது மாமாவின் சட்டம். 1990இல் ஊருக்கு ஊர் போக்குவரத்து அறுந்தபோது அந்தச் சுற்றும் போனது. அந்த உம்மாவின் மகள் செத்த வீட்டுக்கு வந்திருந்தார், இப்போது அவரே ஒரு பேத்திக்காரி. அவர் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதிய ஒன்றரைப் பக்கம்தான் மலரில் உள்ள நினைவுரைகளில் சிறந்தது. கோயில் தலைவர், சங்கச் செயலாளர், சபை உறுப்பினர் ஆகியோரின் உரைகளும் உண்டு. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

போடாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாள் வேறு. மாமா வீட்டில் இருந்தார். சுனாமியில் நாவலடி போய்விட்டது. மறுகிழமை கடிதங்கள் வரத் தொடங்கின, இல்லாத வீடுகளுக்கு. யார் எந்தப் பள்ளிக்கூட முகாமில் இருக்கிறார்கள், யாரை உறவினர் ஏறாவூருக்குக் கூட்டிப் போனார்கள், பிறகு திராய்மடுவில் யாருக்கு எந்த வீடு கிடைத்தது என்று அந்த வருடத்துக் கொப்பி முழுக்கத் திருத்தம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அம்புக்குறி போட்டு இடம் எழுதியிருக்கிறது. சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு கோடு மட்டும். அச்சகத்தில் இதைப் பார்த்த முதலாளி, ‘இதைத்தான் தம்பி நடுப்பக்கத்தில் போடவேணும்’ என்றார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. மாமி வேண்டாம் என்றுவிட்டார். “அது மத்த ஆக்களுட செத்த வீடு. நம்மட புத்தகத்தில என்னத்துக்கு?” முதலாளி மறுபேச்சுப் பேசாமல் கொப்பியை மூடிக் கையில் தந்தார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப் போனது அப்போதுதான்.

வீட்டு மனிதராக மாமாவை எழுதுவது கடினமாக இருந்தது. சண்டை பிடிக்காத, குடிக்காத, ஒழுங்காக வீட்டுக்கு வரும் ஆளைப் பற்றி என்ன கதை சொல்வது? அதனால் மகள்மார் மூவரையும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னோம். மூத்தவர், அப்பா சைக்கிள் பாரில் துவாய் சுற்றித் தன்னை இருத்தி ரியூசனுக்குக் கொண்டுபோனதை எழுதினார். கனடாவில் இருக்கும் நடு மகள், தான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான கடிதத்தை அப்பா பத்து மணிக்கே கையில் எடுத்தும், சுற்றில் தன் வீடு கடைசி என்பதால் இரண்டு மணிக்குத்தான் கொண்டுவந்தார் என்று இன்னும் ஆறாத மனதோடு எழுதியிருந்தார். உறையைப் பார்த்ததுமே என்னவென்று தெரிந்திருக்கும் மனிதர்! நாலு மணித்தியாலம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறார். என் மனைவி வீடுகளைப் பற்றி எழுதினார். தபால்காரச் சம்பளத்தில் மூன்று பெண்பிள்ளைக்கும் மூன்று வீடு. அரச ஊழியருக்குக் கொடுக்கும் இடர்கடன் எடுத்து, கட்டி முடித்து, மறுபடி எடுத்து, ஒரு மாரிக்கு அத்திவாரம், அடுத்த கோடைக்குச் சுவர். மூன்றாவது வீட்டுக்கு ஓடு போட்டது பென்சன் காசில். அந்த ஓட்டின் கீழேதான் நான் இதை எழுதுகிறேன்.

பெண் பார்க்க நாங்கள் போனபோது அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியையும் சேர்த்தோம். மற்றவர்கள் ஊரையும் குடியையும் கேட்பார்கள். மாமா, “தம்பிக்கு எந்தத் தபாற்கந்தோர்?” என்று கேட்டார். சொன்னேன். அங்கே முன்பு இருந்த உப தபாலதிபரைத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். சம்பந்தம் அத்தோடு சரிவந்தது என்பது என் அபிப்பிராயம். சாதகம் பொருந்தியது என்பது மாமியின் அபிப்பிராயம்.

பென்சனுக்குப் பிறகும் அவர் காலை பத்து மணிக்குச் சைக்கிளோடு இறங்கிவிடுவார். சந்திக் கடையில் இருப்பார். புதிய தபால்காரப் பிள்ளை வந்து உறையைக் காட்டி ‘இது ஆரு அங்கிள்?’ என்று கேட்கும். வறியவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் பிச்சைச் சம்பளம் எடுக்கப் போகமுடியாத ஒரு கிழவியை மாதத்தில் ஒருநாள் கரியரில் ஏற்றி உப தபாற்கந்தோருக்குக் கொண்டுபோய், திரும்பிக் கொண்டுவந்து விடுவார். 2022இல் உள்ளூர்க் கடித முத்திரை 15 ரூபாயில் இருந்து 50 ரூபாய்க்கு ஏறியபோது, “இனி ஆரும் சும்மா சுகம் கேட்டு எழுதமாட்டாங்க” என்று இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார். சும்மா சுகம் கேட்டு எழுதுவது எப்போதோ வட்ஸ்அப்புக்குப் போய்விட்டது என்று அவருக்கு யார் சொல்வது? பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஒரே வளவுக்குள் இருந்துகொண்டே வாழ்த்து மடல் தபாலில் போடுவார். 30000 என்று தபால் குறியீடும் எழுதி.

இவ்வளவையும் 40 பக்கத்துக்குள் கொண்டுவர முடிந்ததற்கு ஒரு காரணம், வழமையாக வரும் பக்தி நூல்களைக் குறைத்தது. பஞ்சபுராணமும் சிவபுராணமும் போட்டோம். அம்மன் கோயில் குளிர்த்திப் பாடலில் மாமா வழக்கமாக முணுமுணுக்கும் பகுதியைச் சேர்த்தோம். கவசங்கள், அட்டகங்கள், நாற்பது வருடத்துப் பஞ்சாங்கக் குறிப்பு எல்லாம் வேண்டாம் என்றோம். அவை அச்சகத்தில் ஏற்கெனவே கோர்த்து வைத்திருப்பதால் ஒரு சுவிட்சில் இருபது பக்கம் நிரம்பிவிடும்; வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

எழுத்துப் பிழை விசயத்தில் கவனமாக இருங்கள். நாம் கைபேசியில் யுனிகோடில் தட்டி அனுப்புகிறோம். அவர்கள் அதைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுகிறார்கள். மாற்றும்போது கிரந்த எழுத்துகள் சில காணாமல் போகும். ஆங்கில எழுத்தில் உள்ளவை எல்லாம் உருத்தெரியாத தமிழாகிவிடும். கனடா மச்சாளின் மின்னஞ்சல் முகவரி முதல் புரூப்பில் ஏதோ மந்திரம்போல நின்றது. புரூப்பைத் திரையில் பார்க்காதீர்கள், தாளில் எடுத்துத் தரச் சொல்லுங்கள், தருவார்கள். ஒரே ஆளே எழுதி ஒரே ஆளே திருத்தவும் கூடாது. எங்கள் வீட்டில் கடைசிப் பேத்தி, பத்தாம் வகுப்பு, சிவப்புப் பேனையோடு இருந்து பிடித்த பிழைகள் பெரியவர்கள் எவர் கண்ணிலும் படாதவை.

படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பவேண்டாம். அது நசுக்கிவிடும், அச்சில் முகம் கட்டம் கட்டமாக வரும். பழைய படமென்றால் நேரே கொண்டுபோய்க் கொடுத்து, அங்கேயே ஸ்கான் செய்து கையோடு திரும்பி வாங்குங்கள். ஆல்பத்தை விட்டுவிட்டு வராதீர்கள். தொலைத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை, மேசை இருக்கிற நிலையைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

உள்தாள் ஆர்ட் பேப்பரில் போட்டோம். மினுக்கம் இல்லாத வகையைக் கேளுங்கள். மினுங்கும் தாளில் வெளிச்சம் பட்டால் வயதானவர்களுக்கு வாசிக்கக் கஷ்டம். அட்டைக்கு மட் லாமினேற். 300 பிரதி அடித்தோம், ஒரு பிரதி 500 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. நூறுக்குள் போதும் என்றால் டிஜிற்றலில் அடிக்கச் சொல்லுங்கள், பிளேற் (அச்சுத் தகடு) செலவு மிச்சம். பிரதிகளை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள், இரண்டு நாள் முன்னதாக. சிலவற்றில் பின் கோணலாக அடித்து நடுப்பக்க வரைபடம் பொருந்தாமல் நின்றது. காட்டியதும் மாற்றித் தந்தார்கள். வெளிநாட்டு உறவினருக்கு அனுப்ப பீ.டி.எப். சும்மா தருகிறார்கள், ஆனால் கேட்டால்தான்.

31ஆம் நாள் பந்தி முடிந்து பிரதி கொடுக்கும்போது ஒன்று கவனித்தேன். மற்ற மலர்களை வாங்கியவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டுச் சுருட்டிப் பிடிப்பார்கள். இதை வாங்கியவர்கள் நடுப்பக்கத்தை விரித்து, தங்கள் ஒழுங்கையைத் தேடினார்கள். இரண்டு பேர், தங்கள் வீட்டுக்குப் போகும் வழியைத் தப்பாகக் கீறியிருப்பதாகச் சண்டைக்கு வந்தார்கள். மாமாவின் கொப்பியில் உள்ளபடிதான் கீறினேன் என்றதும் ஒருவர், “அப்ப சரிதான், அவர் பின்வேலியாலதான் வருவார்” என்று சமாதானமானார்.

போவதென்றால் காலையிலேயே போங்கள். மத்தியானத்துக்குப் பிறகு கல்யாணக்காரர் கூட்டம், உங்களோடு இருந்து பேச ஆள் இருக்காது. வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் பத்து நாள் என்பதைப் பதினைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசைனர் பிள்ளையிடம் உங்கள் எழுத்தையும் படத்தையும் கையில் கொடுத்து, கோட் வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். முற்பணம் பாதி, மீதி பிரதி கைக்கு வந்தபிறகு.